சுவருக்குக் காசு உண்டு, ஆளுக்கு?

நாமக்கல் லாரிப் பட்டறைகள் முதல் சேலம் மூக்கனேரி வரை, சிறு நிதிகள் இந்த மண்ணில் செய்த வேலையும் இனிமேல் செய்ய முடியாமல் போகும் வேலையும்

சேலத்திலிருந்து நாமக்கல் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். வழிநெடுகக் கொடுத்தவர்களின் பெயரைப் படித்துக்கொண்டே போகலாம். பஸ் நிழற்குடையில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்துக் கழிப்பறைச் சுவரில் ஒரு பெயர், கோயில் வாசல் டியூப்லைட்டில்கூட பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெயர். ரோட்டரி, லயன்ஸ், லாரி உரிமையாளர்கள், கோழிப் பண்ணைக்காரர்கள், ரிக் வண்டி முதலாளிகள், ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் என்று உபயதாரர் பட்டியல் நீளம். கஞ்சத்தனம் என்ற பழியை இந்தப் பக்கத்து மக்கள் மேல் யாரும் போட முடியாது.

ஆனால் இதே சாலையில் முப்பது வருடத்துக்கு முன்னால் நடந்த மிகப் பெரிய பொதுக் காரியம் ஒன்றுக்கு ஒரு பலகைகூடக் கிடையாது. அந்தப் பணத்தில் எதுவும் கட்டப்படவில்லை என்பதுதான் காரணம். சில பேருக்கு மாதச் சம்பளம் கொடுத்தார்கள். அவர்கள் லாரிகளுக்கு நடுவே நடந்து போய் டிரைவர்களிடமும் கிளீனர்களிடமும் பேசினார்கள். அந்தப் பேச்சால் பிழைத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ண வழியில்லை. பிழைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியவும் தெரியாது.

ரிட்டர்ன் லோடு கிடைக்கும்வரை

நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1-ல். அதற்கு வெகுகாலம் முன்பே அது லாரி ஊர். பாடி கட்டும் பட்டறை, டயர் கடை, புக்கிங் ஆபீஸ், பெயிண்டர், எலெக்ட்ரீசியன் என்று ஊரின் பாதிப் பிழைப்பு சக்கரத்தின் மேல். தென்மாநிலங்களின் சமையல் எரிவாயுவைச் சுமக்கும் டேங்கர் லாரி உரிமையாளர்களின் சங்கம் இங்கேதான் இருக்கிறது. பக்கத்துத் திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகள் நாடு முழுக்கப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. வண்டி கிளம்பினால் டிரைவர் வீடு திரும்ப இருபது நாள் ஆகலாம், மாதமும் ஆகலாம். லோடை இறக்கிவிட்டு, ரிட்டர்ன் லோடு கிடைக்கும்வரை மொழி தெரியாத ஊரில் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடக்க வேண்டும். நெடுஞ்சாலைத் தொழிலின் இந்தக் காத்திருப்பைக் கணக்கில் எடுக்காமல் டிரைவர்களின் ஒழுக்கத்தைப் பற்றி மட்டும் பேசியவர்கள் அன்றும் நிறைய, இன்றும் நிறைய.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், அப்போது மருத்துவ மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்று தெரியவந்தது. அடுத்த பத்து வருடத்தில் அது நெடுஞ்சாலையோடு சேர்ந்து பயணம் செய்தது. தமிழ்நாட்டில் தொற்று மிகுந்த மாவட்டம் என்ற பெயர் நாமக்கல்லுக்கு ஒட்டிக்கொண்டது. 'எய்ட்ஸ் மாவட்டம்' என்று தலைப்பு போட்டார்கள். லாரி டிரைவர் மாப்பிள்ளை என்றால் பெண் வீட்டார் ஒரு நிமிடம் யோசித்தார்கள்.

அரசு சும்மா இருக்கவில்லை. 1992-ல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. 1994-ல் தமிழ்நாடு, இந்த வேலைக்கென்றே தனியாக ஒரு சங்கத்தைப் பதிவு செய்தது. அரசுத் துறையின் கோப்புச் சுற்றலில் சிக்காமல் பணம் போய்ச் சேர வேண்டும் என்பது நோக்கம். அந்த முன்மாதிரியைப் பிற்பாடு நாடே எடுத்துக்கொண்டது. ஆனால் அரசு ஊழியர் ஒருவர் இரவு பத்து மணிக்கு லாரி நிற்கும் இடத்துக்குப் போய், முன்பின் தெரியாத ஒருவரிடம் ஆணுறை பற்றிப் பேசுவாரா? பேசினாலும் அவர் கேட்பாரா? அந்த இடைவெளியை நிரப்பத்தான் வேறொரு பணம் வந்தது.

அமெரிக்க அரசின் யு.எஸ்.எய்ட் நிறுவனம் கொடுத்த பணம். அதை வாங்கிப் பிரித்துக் கொடுத்தது சென்னை அடையாறிலுள்ள வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ். டாக்டர் கே.எஸ்.சஞ்சீவி 1958-ல் தொடங்கிய மருத்துவமனை அது. 1995 முதல் இந்தத் திட்டம் நடந்தது. பீல்டில் அதற்குப் பெயர் ஏபேக். வேலை செய்த முறை எளிமையானது. சென்னையில் இருப்பவர்கள் நாமக்கல்லுக்கு வந்து வேலை செய்யவில்லை. அந்தந்த ஊரில் ஏற்கெனவே இருந்த சிறிய தொண்டு நிறுவனங்களைத் தேடிப் பிடித்து, திட்டம் எழுதச் சொல்லி, பயிற்சி கொடுத்து, நிதி கொடுத்தார்கள். கணக்கையும் வேலையையும் பார்த்துப் பார்த்துப் புதுப்பித்தார்கள்.

அந்த நிதி எதற்குப் போனது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒருங்கிணைப்பாளர் ஒருவர், களப்பணியாளர்கள் சிலர், அவர்களுடைய பஸ் செலவு, ஒரு வாடகை அறை, அச்சடித்த படங்கள், ஆணுறை, பால்வினை நோய்க்கு முகம் சுளிக்காமல் மருந்து கொடுக்கும் உள்ளூர் டாக்டரோடு ஓர் ஏற்பாடு. களப்பணியாளர் முதல் மாதம் ஒன்றும் பேச மாட்டார். டீக்கடைக்காரரைப் பழக்கம் பிடிப்பார். பஞ்சர் கடைக்காரர், பெட்டிக்கடைக்காரர், மெக்கானிக் ஆகியோரோடு உட்கார்ந்து எழுவார். டிரைவர் யாரிடம் மனம்விட்டுப் பேசுவாரோ அவர்களையே செய்தி சொல்பவர்களாக மாற்றுவதுதான் தந்திரம். பெட்டிக்கடையில் பீடிக் கட்டுக்குப் பக்கத்திலேயே ஆணுறையும் கேட்காமலே கிடைக்கிற நிலை அப்படித்தான் வந்தது. 2003 வாக்கில் சுவரெல்லாம் எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரத்தின் புள்ளிராஜா வந்து நின்று ஊரையே பேசவைத்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் பேனர் கிளப்பிய கேள்விக்கு நேரில் பதில் சொல்ல ஆள் இருந்தது, முந்தைய எட்டு வருடச் சம்பளப் பட்டியலால்.

அளவும் பார்த்தார்கள். லாரிக்காரர்கள் உள்ளிட்ட பிரிவினரிடம் 1996-லிருந்து வருடா வருடம் நடத்தை ஆய்வு நடந்தது. நம் ஊரில் தொண்டு நிறுவனத் திட்டம் ஒன்றில், செய்தது பலித்ததா என்று இவ்வளவு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது அபூர்வம். 'இத்தனை கூட்டம் நடத்தினோம், இத்தனை நோட்டீஸ் கொடுத்தோம்' என்ற அறிக்கைகளைப் படித்துப் படித்துச் சலித்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

சங்கம் ஆனவர்கள்

தடுப்பு வேலைக்காக வந்த பணம் எதிர்பாராத ஒன்றையும் விளைவித்தது. ஏற்கெனவே தொற்று வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள ஓர் இடம் கிடைத்தது. நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த கௌசல்யா பெரியசாமி இதில் முக்கியமான பெயர். லாரி ஓட்டும் கணவர் வழியாகத் தொற்று வந்த இளம்பெண். முகத்தை மறைத்துக்கொள்ளாமல் பொதுவெளியில் பேசினார். 1998-ல் தொற்றுள்ள பெண்களுக்காகவே ஒரு கூட்டமைப்பைச் சென்னையில் தொடங்கினார். நாமக்கல்லில் ஹெச்.ஐ.வி. உள்ளோர் நலச் சங்கம் உருவானது. கணவனை இழந்து, மாமியார் வீட்டிலிருந்தும் துரத்தப்பட்டு, தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், அதே ஒன்றியத்தில் தன்னைப் போல இன்னொருத்தி இருக்கிறாள் என்று கண்டுகொள்ள என்ன செலவாகும்? ஒரு பஸ் டிக்கெட், ஒரு டீ, ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் அறை. இந்தச் செலவுகளுக்கு எந்த அரசுத் தலைப்பிலும் இடமிருக்காது. சிறு நிதி உதவிகள்தான் அதைப் பார்த்துக்கொண்டன.

அந்தச் சங்கங்கள் வெறும் ஆறுதல் சொல்லும் இடமாக நின்றுவிடவில்லை. 2004 ஏப்ரல் 1 முதல் கூட்டு மருந்து சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை அதில் முதல் வரிசை. அந்த மருந்து மாவட்டங்களுக்கும் வந்து சேர வேண்டும் என்று கேட்டவர்களும், வந்த பிறகு, ஹெச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் 'நம்பிக்கை மையத்'துக்குப் புதிதாக வருபவரின் கையைப் பிடித்து உட்காரவைத்தவர்களும் சங்கத்து ஆட்கள்தான். 2009-ல் தமிழக அரசு, எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென்று 5 கோடி ரூபாயில் ஓர் அறக்கட்டளை அமைத்து, அதன் வட்டியிலிருந்து படிப்புக்கும் சத்துணவுக்கும் உதவி கொடுக்க ஏற்பாடு செய்தது. பாகுபாட்டைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 2017-ல் நிறைவேறியது. யாரும் தானாகத் தூக்கிக் கொடுத்தவை இல்லை இவை. கேட்கத் தெரிந்தவர்கள் பத்து, இருபது வருடமாக உருவாகியிருந்தார்கள்.

2003-ல் பில் கேட்ஸ் அறக்கட்டளையின் 'ஆவாஹன்' திட்டம் வந்தபோது தமிழ்நாட்டில் அதையும் வாலண்டரி ஹெல்த் சர்வீசஸே நடத்தியது. ஆறு மாநிலங்களுக்கு 25.8 கோடி டாலர். மிகப் பெரிய பணம். அது இறங்குவதற்குக் களம் தயாராக இருந்தது.

பலன்? 2006-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஆய்வு, தென்மாநிலங்களில் பிரசவத்துக்கு முந்தைய பரிசோதனைக்கு வந்த 15 முதல் 24 வயதுப் பெண்களிடம் தொற்று 2000-ல் 1.7 சதவீதமாக இருந்தது 2004-ல் 1.1 சதவீதமாகக் குறைந்ததைக் காட்டியது. 2011-ல் அதே இதழில் வந்த இன்னொரு மதிப்பீடு, ஆவாஹன் திட்டம் 2003 முதல் 2008 வரை ஆறு மாநிலங்களிலும் சுமார் ஒரு லட்சம் பேருக்குத் தொற்று வராமல் தடுத்திருக்கும் என்றது. இதில் நாமக்கல்லின் பங்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ரத்தப் பரிசோதனை பெருகியது, மருந்து வந்தது, விளம்பரம் வந்தது, பயமும் ஒரு காரணம். எல்லாப் பெருமையையும் தொண்டு நிறுவனங்களின் கணக்கில் எழுதுவது சரியல்ல.

குறைகளும் உண்டு. 'பண்டு' வந்ததால் மட்டும் முளைத்த நிறுவனங்கள் இருந்தன. லெட்டர்பேடு ஒன்று, போர்டு ஒன்று, புராஜக்ட் முடிந்ததும் இரண்டும் காணாமல் போயின. கொடுப்பவருக்கு எந்தச் சொல் பிடிக்குமோ அந்தச் சொல்லில் திட்டம் எழுதுவதே ஒரு தொழிலானது. வெளிநாட்டுப் பணம் படிப்படியாக விலகி, வேலை முழுவதும் அரசு நிதியில் நடக்கும் டி.ஐ. (இலக்குக் குழுவினருக்கான தடுப்புப் பணி) புராஜக்ட்களாக மாறியபோது, சம்பளம் மாதக் கணக்கில் தாமதமாகிறது என்பது பணியாளர்களின் ஓயாத புகாரானது. ஏழெட்டு வருடம் பழகிய களப்பணியாளர் வேறு வேலை தேடிப் போனால், அவரோடு டீக்கடைக்காரரின் நட்பும் போய்விடும். அதை மறுபடி சம்பாதிக்கப் புது ஆளுக்கு இன்னொரு வருடம் வேண்டும்.

தீர்மான நோட்டு

லாரிகளுக்கு நடுவே நடந்தது இதுவென்றால், அதே காலத்தில் வீட்டுத் திண்ணைகளில் நடந்தது இன்னொன்று. தமிழ்நாட்டு மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கதை 1989-ல் தருமபுரியில் தொடங்குகிறது. ஐஃபாட் என்ற சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் கடனுதவியில், மகளிர் மேம்பாட்டுக் கழகம் நடத்திய திட்டம். 1991-92-ல் அடுத்த வரிசையில் சேர்ந்த மாவட்டங்களில் ஒன்று, நாமக்கல்லும் சேர்ந்திருந்த அன்றைய சேலம். பெண் சிசுக் கொலை பற்றிய செய்திகளால் அந்த மாவட்டம் தலைகுனிந்து நின்ற காலம் அது. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் அங்கேதான் தொடங்கப்பட்டது.

திட்டத்தில் குழு அமைக்கும் வேலையைத் தொண்டு நிறுவனங்களிடம் கொடுத்தார்கள். அதற்கு அவர்களுக்கு நிதி. மறுபடியும் அதே கதைதான்: அந்தப் பணம் ஒரு பெண் களப்பணியாளரின் சம்பளம். தெருவில் பத்துப் பதினைந்து பெண்களை உட்காரவைப்பார். வாரச் சந்தா பிரிக்கச் சொல்லிக் கொடுப்பார். கையெழுத்துப் போடத் தெரியாதவருக்குக் கையெழுத்து வரும். தீர்மான நோட்டு எழுதுவது, உள்கடன் கொடுப்பது, வராத தவணையைச் சண்டையில்லாமல் கேட்பது, ஊக்குநரையும் பிரதிநிதியையும் தேர்ந்தெடுப்பது எல்லாம் மெதுவாக. ஆறு மாதம் கழித்துக் கிரேடிங். அதற்குப் பிறகுதான் சுழல்நிதியும் வங்கிக் கடனும். 1999-ல் வந்த மத்தியத் திட்டத்தின்படி சுழல்நிதி 25,000 ரூபாய் என்றால், அதில் மானியம் 10,000 மட்டும். மீதி வங்கிக் கடன். பத்தாயிரம் ரூபாயைப் பதினைந்து பெண்களுக்குப் பங்குபோட்டால் ஆளுக்கு எழுநூறு ரூபாய்கூட வராது. ஆனால் வங்கி மேனேஜர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார அந்தப் பத்தாயிரம் போதுமானதாக இருந்தது.

1997-98-ல் மகளிர் திட்டமாக அது மாநிலம் முழுக்கப் பரவியது. பரவியதில் ஒரு விபத்தும் நடந்தது. குழுக்களின் எண்ணிக்கைக்கு இலக்கு வைத்தார்கள். குழு அமைப்பது மாதக் கணக்கு வேலை என்பது மறந்து, பட்டியல் நிரப்பும் வேலையானது. தெருவில் உட்கார்ந்து பேசும் ஆளுக்கான செலவு சுருங்கியது. ஏற்கெனவே கூடிப் பழகிய பெண்களின் குழு என்ற அச்சை எடுத்துக்கொண்டு, தனியார் நுண்கடன் கம்பெனிகள் உள்ளே வந்தன. சேமிப்பு இல்லை, தீர்மான நோட்டு இல்லை, ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேரும் அவள் வாசலில் நிற்க வேண்டும் என்ற விதி மட்டும் இருந்தது. பெயர் என்னவோ அதே 'குழு'. வசூல் அடாவடி எல்லை மீறிப் போய், 2025-ல் கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவர நேர்ந்தது.

புதுப்பாளையத்தில் ஒரு முன்னோடி

கட்டடத்துக்கு இல்லாமல் ஆளுக்குப் பணம் கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ராஜாஜி 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். நகராட்சிப் பணத்தால் எது முடியும், எது முடியாது என்று உள்ளேயிருந்து பார்த்தவர். 1925-ல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துப் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். நிலம் கொடுத்தவர் புதுப்பாளையம் ஜமீன்தார் ரத்தினசபாபதிக் கவுண்டர். பிப்ரவரி 6-ம் தேதி திறந்துவைத்தவர் ஈ.வெ.ராமசாமி. அப்போது அவர் காங்கிரஸ்காரர். அதே ஆண்டிலேயே கட்சியை விட்டு வெளியேறினார். பின்னாளைய அரசியலை வைத்து அந்தக் காலையை நினைத்துப் பார்ப்பது சுவாரசியம்தான்.

மழை பொய்த்த வானம் பார்த்த பூமி அது. ஆசிரமம் பஞ்சைக் கொடுத்து நூலை வாங்கி, நூற்ற பெண்களுக்குக் கூலி கொடுத்தது. அகில இந்திய நூற்போர் சங்கத்தின் ஆதரவோடு நடந்த கதர் வேலையில், பணம் கிராமத்துக்குள் கூலியாகத்தான் இறங்கியது. பிற்காலத்தில் மத்திய அமைச்சரான கே.சந்தானம் அங்கே தொண்டராக இருந்தார். மதுவிலக்குக்காக 'விமோசனம்' என்ற பத்திரிகை 1929-ல் அங்கிருந்துதான் வந்தது. கல்கி அதில் ராஜாஜியின் உதவியாசிரியர். பத்தே இதழ்களில் அது நின்றுபோனது. ஆனால் 1937-ல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானதும் அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு முதன்முதலாக அமலானது இதே சேலம் மாவட்டத்தில். சட்டம் வருவதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே, கள்ளுக்கடை வாசலில் பேசிப் பழகிய ஆட்கள் அங்கே இருந்தார்கள். அந்த மதுவிலக்கு நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம்.

மூக்கனேரி

சேலம் கன்னங்குறிச்சியில், சேர்வராயன் மலையடிவாரத்தில் 58 ஏக்கர் ஏரி. 2010-ல் சேலம் மக்கள் குழு என்ற அமைப்பு, சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர் பியூஷ் மனுஷ் முன்னின்று, மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு அதைக் கையிலெடுத்தது. பணம் ஊர்க்காரர்களிடம் திரட்டியது. தூர்வாரிய மண்ணை வெளியே கொண்டுபோய்க் கொட்டினால் லாரி வாடகையே பாதிப் பணத்தைத் தின்றுவிடும். அதனால் அந்த மண்ணையே ஏரிக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட திட்டுகளாகக் குவித்து மரக்கன்று வைத்தார்கள். மழை வந்தது, தண்ணீர் நின்றது, பறவைகள் வந்தன. அம்மாபேட்டை ஏரி, இஸ்மாயில்கான் ஏரி, அரிசிபாளையம் தெப்பக்குளம் என்று வேலை நகர்ந்தது.

பியூஷ் மனுஷின் அரசியலும் போராட்ட முறையும் எல்லோருக்கும் ஒப்புதலானவை அல்ல. சேலத்தில் அவரைப் பற்றி இரண்டு பேரிடம் கேட்டால் மூன்று கருத்து வரும். ஆனால் மூக்கனேரியில் பார்க்க வேண்டியது வேறு. ஏரியைத் தூர்வாரப் பணம் கேட்டால் சேலத்துக்காரர்கள் கொடுத்தார்கள். பொக்லைன் ஓடுவதும் மண் குவிவதும் கண்ணுக்குத் தெரிகிற வேலை. அதன் பிறகு திட்டுகளின் மரத்தைப் பார்க்கவும், ஆகாயத்தாமரையை அகற்றவும், சாக்கடை கலக்காமல் காவல் காக்கவும் மாதாமாதம் ஆள் வேண்டும். அந்தச் சம்பளத்துக்கு உண்டியல் குலுக்கினால் கை நீளாது. நாட்டில் எந்த ஏரியை மீட்டவர்களிடம் கேட்டாலும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான்.

மூன்றில் ஒரு பங்கு

நகர்ப்புறத்துக்கான நமக்கு நாமே திட்டத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தது சேலத்தில், 2021 டிசம்பர் 11-ல். 1997-98-ல் கருணாநிதி ஆட்சியில் பிறந்த திட்டத்தின் மறுவரவு. மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். பூங்கா, தெருவிளக்கு, கண்காணிப்புக் கேமரா, பள்ளிக் கட்டடம், நீர்நிலை. நல்ல யோசனை. தெருக்காரர்கள் தங்கள் பணத்தைப் போட்டிருந்தால் கான்ட்ராக்டர் சிமென்டில் கைவைக்கும்போது நாலு பேர் கேட்பார்கள்.

சிக்கல் இரண்டு. முதல் பங்கைப் போட முடிந்த நகர்தான் மீதியை வாங்கும். டாக்டர்களும் லாரி அதிபர்களும் வசிக்கும் நகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்திலேயே பணம் சேர்ந்துவிடும். சேலம் குகையிலோ பனங்காட்டிலோ வெள்ளிக் கொலுசுக்குக் கூலிக்கு அரும்பு வைப்பவர்களின் தெருவில் அப்படிச் சேராது. ஊரகத் திட்டத்தில் ஆதிதிராவிடர் குடியிருப்புகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும் என்று விதி தளர்த்தினார்கள். நகரத்தின் ஏழைத் தெருக்களுக்கும் அந்தக் கருணை வேண்டும். இரண்டாவது சிக்கல் பெரியது. திட்டம் சொத்து உருவாக்கும் பணிகளுக்கானது. ஆளுக்குச் சம்பளம் அதில் வராது.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறதே என்று கேட்கலாம். 2014 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் சட்டப்படி, 500 கோடி நிகர மதிப்போ 1,000 கோடி விற்றுமுதலோ 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனி தன் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும், தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும். சேலம் உருக்காலை, பொட்டனேரி ஜே.எஸ்.டபிள்யூ., மேட்டூர் கெம்ப்ளாஸ்ட் பக்கத்து ஊர்களுக்கு அதனால் ஏதோ வரும். நாமக்கல்லின் பணமோ வேறு மாதிரி. லாரி, ரிக், கோழிப்பண்ணை, விசைத்தறி எல்லாம் பெரும்பாலும் குடும்பத் தொழில், கூட்டு வியாபாரம். புழங்குவது கோடிகள் என்றாலும் இந்தச் சட்டத்தின் கண்ணில் படாது. பணக்கார ஊர் ஒன்று இப்படிக் கம்பெனி நிதி வரைபடத்தில் வெறும் இடமாக நிற்கிறது.

வெளிநாட்டுப் பணத்தின் கதவோ முக்கால்வாசி மூடிவிட்டது. 2020 செப்டம்பரில் திருத்தப்பட்ட சட்டம், வெளிநாட்டு நன்கொடை வாங்கும் நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது என்கிறது. நிர்வாகச் செலவு வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆக்கியது. முறைகேட்டைத் தடுக்கவே என்றது அரசு. முறைகேடுகள் இருந்ததும் உண்மைதான். ஆனால் சென்னையில் ஒரு பெரிய நிறுவனம் வாங்கி நாமக்கல்லின் சிறிய நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்த அந்தப் பழைய வழி இதோடு அடைபட்டது. வெளிநாட்டு நன்கொடைக்குக் கட்டாயமான டெல்லி வங்கிக் கணக்கை நேரடியாகத் திறந்து, அனுமதி வாங்கி, ஆடிட்டர் வைத்துச் சமாளிக்கப் பெரிய நிறுவனங்களால் முடியும், ராசிபுரத்தில் நாலு பேர் சேர்ந்து நடத்தும் அமைப்பால் முடியாது. கொடுத்த கையும் இப்போது இல்லை. 2025 ஜூலை 1-ல் யு.எஸ்.எய்ட் என்ற நிறுவனமே மூடப்பட்டது.

ஆக, இனி உள்ளூர்ப் பணம்தான். இதற்கும் முன்னோடி உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1914-ல் பிரெட்ரிக் காஃப் என்ற வங்கியாளர், ஊர்க்காரர்களின் நன்கொடைகளை ஒரே முதலாகச் சேர்த்து, வருமானத்தை மட்டும் உள்ளூர்க் குழு ஒன்று தேவை பார்த்துப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார். அதைப் பார்த்து உலகெங்கும் ஊருக்கு ஊர் அறநிதிகள் வந்தன. அதற்கும் முன்பே விருதுநகர் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிரித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளிக்கூடம் நடத்தினார்கள். பள்ளிக்கூடம் என்றால் கட்டடத்தைவிட வாத்தியார் சம்பளம்தான் ஓயாத செலவு. மகமை வருடா வருடம் அந்தச் சம்பளத்தைக் கொடுத்தது. நாமக்கல்லில் லோடுக்கு இவ்வளவு, முட்டைக்கு இவ்வளவு காசு என்று பிரிப்பது கணக்குக்குக் கஷ்டமான காரியமில்லை. முட்டை விலையைத் தினமும் நிர்ணயிக்கத் தெரிந்த ஊர் அது.

பள்ளிபாளையம்

இவ்வளவையும் இப்போது எழுதக் காரணம் ஒன்றிருக்கிறது. 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் குறிவைத்துச் சிறுநீரகத்தை விற்கவைக்கிறார்கள் என்று. அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. தனியார் மருத்துவமனைகள் இரண்டின் உறுப்பு மாற்று உரிமம் நிறுத்தப்பட்டது. தரகர் பற்றியும் மருத்துவமனை பற்றியும் நிறையப் பேசியாகிவிட்டது. அந்தத் தெருக்களில் யார் நடந்துகொண்டிருந்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நுண்கடன் வசூல் ஆள் வாராவாரம் வந்தார். தரகர் வந்தார். எந்த வீட்டில் எவ்வளவு கடன், யார் வீட்டில் தறி நின்றுவிட்டது என்பது அவர்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. எதையும் விற்கவராத மூன்றாவது ஆள் ஒருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். 1995-ல் லாரிகளுக்கு நடுவே அப்படி ஒருவர் இருந்தார். 1992-ல் சேலத்துத் திண்ணைகளில் இருந்தார்.

அந்த ஆளுக்கான பணம் பெரிய தொகையே அல்ல. பள்ளிபாளையத்துக்கு இரண்டு மூன்று பெண் களப்பணியாளர்கள், கடன் பத்திரங்களைப் படித்துச் சொல்ல வாரம் ஒருநாள் ஒரு வக்கீல், ஒரு வாடகை அறை, மூன்று வருடத்துக்குக் குறையாத உத்தரவாதம். உள்நாட்டு நன்கொடை வாங்கும் பதிவுபெற்ற அறக்கட்டளை எதுவும் இதற்குச் சம்பளம் கொடுக்கலாம், சட்டத்தில் தடையில்லை. வருமான வரிச் சலுகையும் உண்டு. நாமக்கல், திருச்செங்கோடு, சேலம் உரிமையாளர் சங்கங்கள் மனம்வைத்தால் ஒரு பொதுக்குழுவில் முடிகிற காரியம். அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நமக்கு நாமே விதியில் பூங்காவுக்கும் கேமராவுக்கும் பக்கத்தில் சமூகப் பணியாளர் ஊதியம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். ஏழைத் தெருக்களுக்குப் பங்குத்தொகையை ஐந்தில் ஒன்றாக்க வேண்டும். இரண்டுக்கும் நகராட்சி நிர்வாகத் துறையின் ஓர் அரசாணை போதும். இரண்டு மாவட்டத்து எம்.எல்.ஏ.க்களும் அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில் இதைக் கேட்கலாம்.